இடிக்கும் முன்னாடி வாடகையைச் சொல்லுங்க

நான் இருக்கும் ஜாதவ்பூருக்குப் பக்கத்திலேயே பிஜய்கர் காலனி. கிழக்கு வங்காள அகதிகள் காலியான ராணுவ முகாமில் உட்கார்ந்து உண்டாக்கியது. பட்டா ரொம்பப் பின்னாடிதான் வந்தது. பட்டா கையில் இருப்பதால், இன்று பழைய வீட்டை இடிக்க வரும் புரமோட்டரிடம் புது ஃபிளாட்டோடு, சாவி தரும்வரை மாத வாடகையும் பேசி எழுதி வாங்க முடிகிறது.

நம்ம சென்னைக்கு வாங்க. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரிய பிளாக் ஒன்று, 24 வீடுகளோடு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து சனங்க முன்பே வெளியேறியதால் உயிர் தப்பியது. இந்த மாதிரி பழைய பிளாக்குகளை இடித்து அதே இடத்தில் வாரியம் கட்டித் தருகிறது. கண்ணகி நகருக்கு அள்ளிக்கொண்டு போவதைவிட எவ்வளவோ மேல்!

ஆனா இடைக்கால வாடகை? 8,000 ரூபாயாக இருந்த மொத்தத் தொகையை 2021-ல் 24,000 ஆக்கினார்கள். கட்ட ஒண்ணரை வருஷம்னே வைங்க, மாசம் 1,333 ரூபாய். (பேங்க்காரன் புத்தி, கால்குலேட்டரைத்தான் தேடும்.) அந்தக் காசுக்கு நகரத்துக்குள் அறை ஏது? தூரமாகப் போனால் வேலை போச்சு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போச்சு.

மொத்தமாகத் தராமல், சாவி கொடுக்கும்வரை மாதாமாதம் கணக்கில் போடட்டும். தாமதமானால் செலவு வாரியத்துக்கு. அப்புறம் பாருங்க, வேலை எவ்வளவு சுறுசுறுப்பா நடக்குதுன்னு!