சுழி தெரிய வேண்டும்

போன மே மாதம் ஓர் ஆசிரியையின் பணி நிறைவு விழாவுக்கு ஷீல்டு கேட்டு வந்தார்கள். தேக்குப் பலகையில் ‘பணி நிறைவுப் பாராட்டு’ என்று லேசரில் பொறித்தேன். புகைக்கறையைத் துடைத்ததும் என் கை நின்றுவிட்டது. ‘ணி’, ‘நி’ இரண்டிலும் மேல்விலங்கு எழுத்தோடு ஒட்டுகிற இடத்தில் எள்ளளவு மரம் கருகாமல் வெளிறிக் கிடந்தது, பூச்சி அரித்த மாதிரி.

தப்பு என்னுடையது. ஃபில் முறையில் மென்பொருள் வெளிக்கோட்டுக்கு உள்ளே இருப்பதை நிரப்பும். இரண்டு வெளிக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், அந்த இடத்தை ஓட்டை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். கோரல் டிராவில் எழுத்தைக் கர்வ் ஆக்கி, விலங்கையும் சேர்த்து வெல்ட் செய்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. செய்யாததால் புதுப் பலகை போட்டேன்.

இதைத் தொழில்காரர்கள் சமாச்சாரம் என்று விட எனக்கு மனமில்லை. வீட்டுப் பேர்ப்பலகை முதல் நினைவுப் பரிசு வரை இன்று லேசரில் போகிறது. அதில் தமிழ் எப்படி நிற்கும் என்பது லைனா, ஃபில்லா என்று கடைக்காரர் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

லைன் என்றால் கதிர் எழுத்தின் ஓரத்தைச் சுற்றிவரும். ஃபில் என்றால் ஏர் ஓட்டுவதுபோல் இடமும் வலமும் போய்வந்து நிரப்பும். கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் விட்டால், 10 சென்டிமீட்டர் உயர வாசகத்துக்கு 1,000 முறை ஓட வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும். லைனில் ஓரிரு நிமிடம்தான். வாடகை கட்டுகிறவர் லைனுக்குப் போவது எனக்குப் புரிகிறது. ஆனால் பொடி எழுத்தில் ‘கண்ணன்’ என்று லைனில் ஓட்டிப் பாருங்கள். சுழிக்குள் போகிற கோடும் திரும்புகிற கோடும் நெருங்கி, சூட்டில் ஒன்றாகக் கருகிவிடும். மூன்று சுழி எது, இரண்டு சுழி எது என்று தெரியாது. புள்ளி வெறும் வளையமாக நிற்கும். பெயரையே பிழையாக எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது.

ஃபில்லிலும் அவசரம் ஆகாது. அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு 5 கோடுதான் விழும். வேகம் கூடினால் போகிற கோடும் வருகிற கோடும் விலகி, புள்ளியின் ஓரம் சீப்புப் பல்லாகிவிடும். பெயர் வரும் இடத்தில் நான் வேகத்தைப் பாதியாக்கி, பவரையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவேன். சுற்றிவரும் பார்டருக்கு லைன் தாராளமாகப் போதும். நேரத்தை அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

ஷீல்டு சொல்லும்போது விலையோடு இதையும் கேளுங்கள். அதே மரத்தில் ஒரு துண்டு எடுத்து, பெயரை மட்டும் அசல் அளவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுழியை எண்ணிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.