ஒரு விளக்கு போதும்

முகத்தின் இரு பக்கமும் சம வெளிச்சம் விழுந்தால்தான் நல்ல புகைப்படம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. மூக்கின் மேடும் கன்னத்தின் குழிவும் படத்தில் புலப்படுவதே நிழலால்தான்.

இரவில் உங்கள் பாட்டியை உட்கார வைத்து, ஒரே விளக்கில் படம் எடுத்துப் பாருங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். பின்னால் கறுப்புத் திரை வேண்டியதில்லை. ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? விளக்கிலிருந்து முகம் அரை மீட்டரிலும் சுவர் 2 மீட்டரிலும் இருக்கட்டும். தொலைவு 4 மடங்கு. ஆகவே சுவருக்குக் கிடைக்கும் ஒளி 16-இல் ஒரு பங்குதான். வெள்ளைச் சுவரும் இருண்டுவிடும்! விளக்கை முன்புறம் ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே பிடித்தால், நிழல் விழுந்த கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக ஒளி தெரியும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) தீட்டிய முகங்களில் காணும் ஒளி இது.

ஒரு தொல்லை உண்டு. காமிராவின் ஒளிமானி, காட்சி எதுவானாலும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கணக்கிடும். இருட்டு மிகுந்தால், 'வெளிச்சம் போதவில்லை' என்று முடிவு கட்டி முகத்தை வெளுக்க வைத்துவிடும். செல்பேசியிலும் இது நேரும். வெளிச்ச அளவை நீங்களே குறையுங்கள். பாட்டியின் முகம் அவருடைய சொந்த நிறத்தில், சுருக்கங்களோடு வரும். அவற்றை அழிக்கும் வசதியைத் தயவுசெய்து தொடாதீர்கள்.