அரிசிப் பானையும் கம்பெனித் திருகும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், அது அரங்கங்குப்பமானாலும் கூனங்குப்பமானாலும், தெருவுக்கு ஒரு வைத்தியர் இருக்கிறார். மனிதருக்கு அல்ல, மெஷினுக்கு! தண்ணீரில் விழுந்த செல்போனை அவர் அரிசிப் பானையில் புதைப்பார். திரை இருண்டுபோன லேப்டாப்பின் மெமரித் தகட்டைக் கழற்றி, பிள்ளையின் பென்சில் ரப்பரால் தேய்ப்பார். ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டால், "மீன் பெட்டி ஐஸுக்குள் ஒரு ராத்திரி வை" என்று யோசனை சொல்லுவார்.

இதைக் கண்டு சிரிக்கும் கனவான்கள் உண்டு. "ஓசியில் கொடுத்தால் இப்படித்தான், இந்த ஜனங்களுக்குப் பொருளின் அருமை தெரியாது!" என்பது அவர்கள் கட்சி. இன்னொரு கூட்டம் கைதட்டுகிறது. "ஆகா, ஏழையின் மூளையே மூளை!" என்று மேடையில் புகழ்கிறது. முதல் கூட்டத்தைவிட இந்த இரண்டாவது கூட்டத்திடம்தான் நமக்கு ஜாக்கிரதை வேண்டும். ஆஸ்பத்திரி கட்டாதவன் பாட்டி வைத்தியத்தைப் புகழ்வதைப் போன்றது இது.

விஷயத்துக்கு வருவோம். ஏழை வீட்டுக்குள் இந்த மெஷின் எப்படி வந்தது? 2011 செப்டம்பர் 15ந் தேதி, இதே திருவள்ளூர் ஜில்லாவின் காக்களூரில்தான் இலவச லேப்டாப் திட்டம் துவங்கியது. அதிலிருந்து மாநிலமெங்கும் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. நல்ல காரியம், நம் வரிப்பணத்தில் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது, யாருடைய தர்மமும் அல்ல. ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் என்ன ஏற்பாடு? உப்புக் காற்றடிக்கும் கரையில், கூரை ஒழுகும் வீட்டில், அது எத்தனை நாள் தாங்கும் என்று யார் கேட்டார்கள்?

அரிசி வைத்தியத்தைப் பாருங்கள். காற்றில் சும்மா வைத்தால் போகிற ஈரத்தைவிட அரிசி அதிகமாக எதையும் உறிஞ்சிவிடாது. அரிசித் தூசிதான் உள்ளே போகும். ஆப்பிள் கம்பெனியே 2024ல் அரிசியில் போடாதீர்கள் என்று அறிவித்தது. அதைவிடப் பெரிய சங்கதி, ஏரித் தண்ணீர் உப்புத் தண்ணீர். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போர்டிலேயே தங்கும். அடுத்த ஈரக் காற்றில் கசிந்து, பேட்டரி மின்சாரத்தோடு சேர்ந்து, தாமிரத்தை அரிக்கும். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பிறகு உப்பில்லாத சுத்தத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட் தடவிக் காயவைக்க வேண்டும். இது மீனவத் தோழருக்குப் புதிய பாடமா? கடலில் விழுந்த படகு இன்ஜினை உடனே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் பாழ் என்பது படகோட்டும் பையனுக்கும் தெரியும். இன்ஜினுக்குச் செய்வதை லேப்டாப்புக்கும் செய்யலாமே! செய்ய விடுகிறார்களா? பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். நம் ஊர் கடையில் கிடைக்கும் திருப்புளி எதுவும் சேராத ஐந்து மூலைத் திருகைப் போட்டு மூடியிருக்கிறான். திறக்க முடியாதவர் பானையைத் தேடுகிறார்.

ரப்பர் வைத்தியம் மட்டும் மெய்யாகவே பலிக்கும். தகட்டின் முனையில் படிந்த அழுக்கு போனால் மின்சாரம் பாயும், அவ்வளவுதான். ஐஸ் வைத்தியமோ ஆபத்து. ஒரு காலத்தில் சிக்கிக்கொண்ட டிஸ்க் அதில் சற்று நேரம் சுழன்றதுண்டு. ஆனால் வெளியே எடுத்தவுடன் உள்தட்டில் ஈரம் வேர்க்கும். மகள் கல்யாணப் படமெல்லாம் அதோடு போகும்.

மேல்நாட்டில் இன்னொரு கூத்து நடந்தது. படம் வராத போர்டைக் கழற்றி, ரொட்டி சுடும் அடுப்பில் 200 டிகிரியில் பத்து நிமிஷம் வேகவைப்பார்கள். உயிர் வரும்! சில வாரம் ஓடும், பிறகு மறுபடியும் சாகும். ஏன்? ஈயமில்லாத சால்டர் உருக சுமார் 217 டிகிரி வேண்டும். 200 டிகிரியில் எதுவும் ஒட்டுவதில்லை; சிப்புக்குள் விரிந்த விரிசல் சூட்டில் தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. கந்துவட்டிக் கடன் மாதிரி, இன்று கைக்கு வரும், நாளை கழுத்துக்கு வரும். சோறாக்கும் அடுப்பில் இந்த விஷப்புகை வேறு! நம் ஊரில் ரொட்டி அடுப்புக்குப் பதில் ஹீட் கன். மற்றபடி அதே கதை.

அந்தச் சிப்பைக் கெடுத்தது யார்? அடுப்பில் வைத்தவரா? லேப்டாப் சிப்புகளில் பழுது என்று ஒப்புக்கொண்டு, என்விடியா கம்பெனி 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கிவைத்தது. குற்றம் தொழிற்சாலையில் பிறந்தது, அடுப்படியில் அல்ல.

விவசாயத் தோழர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் சொந்த டிராக்டரையே விவசாயி ரிப்பேர் செய்ய முடியாமல் கம்ப்யூட்டர் பூட்டுப் போட்டதாக ஜான் டீர் கம்பெனி மீது அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் 2025 ஜனவரியில் வழக்குப் போட்டது. இந்திய சர்க்கார் 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்கென ஒரு கமிட்டி போட்டது. டிசம்பரில் ஒரு வலைத்தளம் திறந்தது. கோட்டைக்குப்பத்துக்காரருக்கு வலைத்தளத்தைப் பார்க்கவே வேலை செய்கிற மெஷின் வேண்டும், ஐயா!

கைத்திறன் இல்லையென்று எவனும் சொல்ல முடியாது. 2014 நவம்பரில் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான நம் பெண்களும் பையன்களும் செல்போன் பூட்டினார்கள். அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரிப்பேர் செய்ய ஆளில்லை என்கிறார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. சப்ளை செய்கிற கம்பெனி ஐந்து வருஷத்துக்கு உதிரிச் சாமானும், போர்டின் வரைபடமும், தமிழில் ரிப்பேர் புத்தகமும் தரவேண்டும் என்று டெண்டரிலேயே எழுதினால் என்ன? பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ ஒரு சர்க்கார் ரிப்பேர் நிலையம் வைத்து, ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகளுக்கு அங்கே வேலை கொடுத்தால் என்ன?

அது வரும்வரை ஒன்று மட்டும். லேப்டாப்போ செல்போனோ, பேட்டரி வீங்கியிருந்தால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கும். அதற்கு எந்தக் குப்பத்து வைத்தியமும் கிடையாது.