வேலிக்குள் வளர்வது என்ன?



சென்ற விடுமுறையில் நம் குடும்பங்கள் சில சர் பனி யாஸ் தீவுக்குச் சென்று வந்தன. அபுதாபிக்கு மேற்கே, ஜெபல் தன்னா கரையிலிருந்து படகில் சென்றடையும் அத்தீவு, அமீரகத்தின் முதல் குடியரசுத் தலைவரான ஷேக் சயீத் அவர்களின் ஓய்விடமாக இருந்தது. திருப்பலிக்குப் பின் அதைப் பற்றி இருவர் விவாதித்ததைக் கேட்டேன். "பாலையைச் சோலையாக்கினாரே!" என்றார் ஒருவர். "ஓர் ஆட்சியாளரின் விருப்பத்திற்கு எவ்வளவு தண்ணீர்!" என்றார் மற்றவர்.

இரண்டாமவரின் கேள்வியைத் தள்ளிவிட இயலாது. ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த உப்புக்குன்றுத் தீவில் இலட்சக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. சொட்டுநீர்க் குழாய் நின்றால் அவற்றுள் பல நிற்கா. அங்கு உலவும் ஒட்டகச்சிவிங்கியும் அரபு மண்ணுக்கு உரியதன்று.

எனினும் இரண்டு செய்திகள் என்னைச் சிந்திக்க வைக்கின்றன. 1972-இல் அரேபிய ஓரிக்ஸ் மான் காட்டிலிருந்து அற்றுப்போயிற்று. இத்தகைய காப்பிடங்களில் பேணப்பட்டதாலேயே அந்த இனம் இன்று மீண்டும் பாலையில் நடமாடுகிறது. மேலும், 1992-இல் ஷேக் சயீத் பணித்த தொல்லியல் ஆய்வின்போது, அதே தீவில் ஏறக்குறைய 7, 8-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கிறிஸ்தவத் துறவுமடம் ஒன்று வெளிப்பட்டது. சுதையில் வடித்த சிலுவைகளும் துறவியரின் சிற்றறைகளும் மண்ணிலிருந்து எழுந்தன. தம் ஓய்விடத்தில் கிடைத்த பிற சமயத்தாரின் தடயத்தை அவர் மூடி மறைக்கவில்லை. இன்று நீங்களும் நானும் சென்று அதைக் காணலாம்.

ஆகாபு அரசனை நினைத்துப் பாருங்கள். அரண்மனை அருகே ஒரு காய்கறித் தோட்டம் வேண்டும் என்பதற்காக நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மீது கண் வைத்தான். முடிவில் ஓர் உயிரே போயிற்று. அதிகாரத்தில் உள்ளவரின் நிலம் எவ்வளவு பெரியது என்பதை உலகம் கேட்கும். அந்த வேலிக்குள் எது வாழ்ந்தது, எவர் வெளியேற்றப்பட்டார் என்பதை இறைவன் கேட்பார்.

இக்கேள்வி ஆட்சியாளர்களுக்கு மட்டும் உரியதா? நம்முள் பலர் பாலைவெயிலில் உழைத்த பணத்தில் ஊரில் நிலம் வாங்கியிருக்கிறோம். கல்தூண் ஊன்றி முள்கம்பி கட்டிய படத்தைக் கைப்பேசியில் பெருமையோடு காட்டுகிறோம். உள்ளே சீமைக்கருவேலம் வளர்கிறது. பக்கத்து வயலுக்குச் சென்ற வாய்க்கால் நம் வேலியோடு நின்றுவிடுகிறது. ஆடு மேய்த்த முதியவர் சுற்றிப் போகிறார். விலை ஏறட்டும் என்று நாம் இங்கே காத்திருக்கிறோம்.

ஷேக் சயீத்துக்கு இருந்த செல்வம் நமக்கு இல்லை. அவரைப் போல இலட்சம் மரங்கள் நட வேண்டியதும் இல்லை. நம் மண்ணில் ஒரு வேம்பும் ஒரு புங்கனும் மழைநீரிலேயே வளரும். நிலத்தை நமக்கு உடைமையாக மட்டும் கடவுள் தரவில்லை; பேணிக் காக்கவே ஒப்படைத்தார்.

ஆகவே, இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். நிலத்தில் இறங்கி நடங்கள். அடைபட்ட வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். பக்கத்து வயலாரிடம் பாதையைப் பற்றிப் பேசுங்கள். ஒரு மரமாவது நட்டு வாருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் அருள்பணியாளர்