ஒரு டீச்சரும் ஒன்பது ஆப்பும்

"சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு வரும்போது எல்லாரும் இந்த ஆப்பை இறக்கிட்டு வாங்க."

ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால், அனுப்பியது எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் டீச்சர் என்று பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பள்ளிக்குள் போன் கூடாது. சனிக்கிழமைக்கு மட்டும் ஹெச்.எம்.மிடம் கெஞ்சி அனுமதி வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஒன்பது ஆப். இந்த வாரம் புதுசா, பழசா என்று பின் பெஞ்சில் பந்தயமே கட்டுவோம். நான் மூன்று முறை சமோசா ஜெயித்திருக்கிறேன்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், என் சித்தி பெண் பி.எட். படிக்கிறாள். அடுத்த மாதம் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும். "உங்க டீச்சர் நிறைய ஆன்லைன் டூல்ஸ் வச்சு நடத்துவாங்கன்னு சொல்வியே, அதுல எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்டாள். நானும் பெரிய மனுஷத் தோரணையில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்பதில் ஆறின் பெயர்கூட ஞாபகம் இல்லை. ஒன்று கசப்பாக ஞாபகம் இருக்கிறது. மீதி இரண்டு மட்டும், அன்றைக்கு மழை பெய்தது வரைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அந்த இரண்டும் ஒரே வகுப்பில் வந்தவை.

மின்னோட்டவியல் பாடம். டீச்சர் கரும்பலகையில் ஒரு பேட்டரி, அதோடு தொடராக ஒரே மாதிரியான இரண்டு பல்பு வரைந்தார். "எது பிரகாசமா எரியும்? அ, முதல் பல்பு. ஆ, ரெண்டாவது பல்பு. இ, ரெண்டும் சமம்." இவ்வளவுதான் கேள்வி. யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார். அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு விசித்திர உருவம். எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் பிடிக்கிறோமோ அதுதான் நம் விடை. டீச்சர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று சுற்றினார், எல்லார் விடையும் அதில் ஏறிவிட்டது. பிளிக்கர்ஸ் என்று பெயர். மாணவனிடம் போன் தேவையே இல்லை, டீச்சரிடம் ஒன்று இருந்தால் போதும். ஒவ்வொரு அட்டையும் வேறு வேறு உருவம் என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அப்படியே திருப்பவும் முடியாது. (முயற்சி செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.)

42 பேரில் 23 பேர் 'முதல் பல்பு' என்றோம். நானும்தான். மின்னோட்டம் முதல் பல்புக்குத்தானே முதலில் வருகிறது, அது கொஞ்சம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்? பந்தியில் முதல் இலைக்கு விழுகிற வடை மாதிரி. டீச்சர் சரியா தப்பா என்று சொல்லவே இல்லை. "பக்கத்துல இருக்கறவங்களோட மூணு நிமிஷம் சண்டை போடுங்க" என்றார். போட்டோம்! திரும்பவும் அட்டையைத் தூக்கச் சொன்னார். சிலர் மாறினார்கள். நான் மாறவில்லை. வீம்பு.

அதற்குப் பிறகுதான் புரொஜெக்டரைப் போட்டார். ஃபெட் என்ற தளத்தில் மின்சுற்று கட்டும் சிமுலேஷன் ஒன்று இருக்கிறது. பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு இணைக்கலாம், ஒயருக்குள் எலக்ட்ரான்கள் ஊர்ந்து போவது கண்ணுக்குத் தெரியும். குறுக்குச்சுற்று செய்தால் பேட்டரி தீப்பிடிக்கும். இரண்டு பல்பும் சமமாக எரிந்தன. அம்மீட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில், பல்புகளுக்கு நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் வைத்தார். மூன்றிலும் ஒரே எண். வடைக் கணக்கு செத்தது. மின்னோட்டம் தீர்ந்துபோவதில்லை, சுற்று முழுக்க ஒரே அளவுதான் ஓடுகிறது என்பதை நான் அன்றைக்குத்தான் நம்பினேன். பழைய சீரியல் செட்டில் ஒரு குண்டு பல்பு போனால் வரிசை முழுக்க ஏன் இருண்டு போகும் என்பதும் அதோடு சேர்ந்து புரிந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இதற்கு எதற்கு ஆன்லைன், நிஜ பல்பையே காட்டலாமே? காட்டலாம். ஆனால் கடையில் வாங்குகிற இரண்டு பல்பு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது. ஒன்று லேசாகக் கூடுதலாக எரிந்துவிட்டால் போச்சு, "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று 23 பேரும் கிளம்பிவிடுவோம். எலக்ட்ரானும் நிஜ ஒயரில் தெரியாது. ஃபெட்டைத் தொடங்கியவர் கார்ல் வீமன். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார். 2005இல் அங்கிருந்தே ஒரு ஆய்வு வந்தது. மின்சுற்றை நிஜக் கருவிகளில் படித்தவர்களையும் இந்த சிமுலேஷனில் படித்தவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். சிமுலேஷன் கூட்டம் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் எழுதியது. அதைவிட ஆச்சரியம், பிறகு நிஜ ஒயரையும் பல்பையும் கையில் கொடுத்தபோதும் அவர்களே நன்றாகச் செய்தார்கள்.

அப்படியானால் ஃபெட்டைப் போட்டாலே போதுமா? அதுதான் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் வேறொரு சார் அதே தளத்திலிருந்து வேறொரு சிமுலேஷனைப் போட்டுக் காட்டினார். அவர் கிளிக் செய்தார், நாங்கள் பார்த்தோம். நல்ல ஏ.சி. அறை. என்ன பாடம் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. தளம் அதே, தரமும் அதே, ஆனால் அங்கே நாங்கள் எதையும் பணயம் வைக்கவில்லை. பல்பு வகுப்பில் ஒரு விடையைக் கையில் தூக்கிப் பிடித்துவிட்டோம், அதற்காகப் பக்கத்து பெஞ்சோடு சண்டை வேறு போட்டுவிட்டோம். இனி திரையில் என்ன வரப்போகிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா? ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களிலேயே இந்த முறையில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார் என்று பின்னால்தான் படித்தேன். கேள்வி, ஓட்டு, பக்கத்தில் விவாதம், மறுபடி ஓட்டு. எங்கள் டீச்சர் அதைப் படித்துவிட்டுச் செய்தாரா, தானாகவே கண்டுபிடித்தாரா தெரியாது. கேட்டிருக்கலாம்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு வினாடி வினா ஆப். யார் சீக்கிரம் தொடுகிறார்களோ அவர்களுக்கு மதிப்பெண் அதிகம். பாட்டு, வண்ணம், ரேங்க் பட்டியல், வகுப்பே திருவிழா. எங்களில் 17 பேரிடம்தான் போன் இருந்தது, மீதிப்பேர் அப்பா போனைக் கடன் வாங்கி வந்தவர்கள். பாட்டரி உப்பிப்போன ஒரு போனோடு வந்த என் தோழி, வகுப்பில் மற்ற எல்லாரையும்விட அறிவியல் தெரிந்தவள். கேள்வி திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். கடைசி ஐந்து பேரில் அவள் பெயர் திரையில் வந்தது, இரண்டு வாரம் தொடர்ந்து. மூன்றாவது சனிக்கிழமை அவள் வரவில்லை. டீச்சருக்கு விஷயம் புரிய கொஞ்ச நாள் ஆனது. புரிந்த பிறகு ஐந்து பேருக்கு ஒரு போன் என்று குழுவாக்கினார், நேரத்தையும் நீட்டினார். உடனே அதுவே வேறு விளையாட்டாகிவிட்டது, ஒரே சத்தம். தோழியும் திரும்பி வந்தாள். ஆனாலும் எனக்கு வேகத்துக்கு மார்க் கொடுக்கும் எதன் மேலும் இன்றுவரை நம்பிக்கை இல்லை. நிதானமாக யோசிப்பவனைத் தண்டிப்பதற்குப் பள்ளியில் ஏற்கெனவே நிறைய வழி இருக்கிறது.

டீச்சரை நாங்கள் கிண்டல் செய்தோமே, அந்தப் பக்கத்தையும் இப்போது யோசிக்கிறேன். ஒரு நல்ல வகுப்புக்கு முன்னால் எட்டு வகுப்பு சொதப்பியிருக்கிறது. அந்த எட்டையும் அவர் ராத்திரி பதினோரு மணிக்கு, சமையல் முடித்து, பேப்பர் திருத்தி, சொந்த டேட்டாவில் தேடியிருக்கிறார். ஒரு தளத்தில் இருநூறு கேள்வி தட்டச்சு செய்து சேர்த்து வைத்தார். ஒரு நாள் அது காசு கட்டினால்தான் திறப்பேன் என்றது. அதற்குப் பிறகு கேள்விகளை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். நாங்கள் அதற்கும் சிரித்தோம். ஆனால் கொஞ்சம் பாருங்கள். 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் நிறுத்தப்பட்டது, அதில் செய்த பாட விளையாட்டுகள் பல அத்தோடு போயின. உலகம் முழுக்க ஆசிரியர்கள் வைத்திருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டு 2024 கடைசியில் போனது. நோட்டு இன்னும் இருக்கிறது.

அதனால் அக்காவுக்கு நான் சொன்னது இது. ஆப்பிலிருந்து ஆரம்பிக்காதே. எந்த இடத்தில் பசங்க தப்பாகவே நம்பிக்கொண்டு, ஆனால் பரீட்சையில் சரியாக எழுதிவிடுகிறார்களோ, அந்த ஒரு இடத்தைத் தேடு. அது கிடைத்தால் கருவி தானாகத் தெரியும். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். வகுப்புக்கு முந்தின நாள் அதே வகுப்பறையில், அதே புரொஜெக்டரில் போட்டுப் பார். ஃபெட் சிமுலேஷனை ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

"இப்போ எல்லாத்துக்கும் ஏஐ இருக்கே?" என்றாள். ஏற்கெனவே மின்சுற்று பற்றிப் பத்துக் கேள்வி கேட்டு வாங்கியிருந்தாள். நல்ல தமிழ், மணிமணியான கேள்விகள். இரண்டுக்கு விடை தப்பு. உட்கார்ந்து போட்டுப் பார்த்ததால் தெரிந்தது, இல்லாவிட்டால் அப்படியே வகுப்புக்குப் போயிருக்கும். அந்த இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். "இதுல எது தப்பு, கண்டுபிடிங்க" என்று பசங்களிடமே கொடுத்துவிடலாம்.

"கரண்ட்டே போயிட்டா?" என்றாள் கடைசியாக. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மழை நாளில் வகுப்பு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனது. டீச்சர் கொஞ்சமும் அசராமல் பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார். உள்ளே இரண்டு டார்ச் பல்பு, இரண்டு பேட்டரி, கொஞ்சம் ஒயர். இருட்டில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அக்கா இரண்டு நாளாக டார்ச் பல்பு தேடிக்கொண்டிருக்கிறாள். எந்தக் கடையில் கேட்டாலும் எல்இடிதான் தருகிறார்கள். யாரிடமாவது பழைய குண்டு பல்பு டார்ச் இருந்தால் சொல்லுங்கள், இரண்டு வேண்டும்.