உளி படாத சிற்பம்

களிமண்ணும் சுதையும் பழகிய ஒரு கலைஞர் முதன்முறையாகக் கணினியில் சிற்பம் செய்ய முனையும்போது இரண்டு குரல்கள் எழுகின்றன. இது கலையே அல்ல என்பது ஒன்று. இனி உளியே தேவையில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

1999-இல் அறிமுகமான ஸீபிரஷ், 2002 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் பிளெண்டர் போன்றவற்றில் சிற்பம் பெரும்பாலும் ஓர் உருண்டையிலிருந்தே தொடங்குகிறது. அழுத்தம் உணரும் பேனாவால் தடவினால் மேடாகும்; தூரிகையை மாற்றினால் குழியும், வழவழப்பாகும். கல்லில் செய்வது நீக்கும் வேலை. சுதையிலும் சுவாமிமலையின் மெழுகு உருவிலும் சேர்க்கலாம், திருத்தலாம். திரைச் சிற்பம் இந்த இரண்டாம் மரபுக்கே நெருங்கிய உறவு. ஆகவே அந்நியம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

ஆனால் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முகத்தின் ஒரு பாதியைச் செய்தால் மறுபாதியை மென்பொருளே செய்துவிடும். தென்காசி விசுவநாதர் கோயில் தூண்களில் நிற்கும் வீரபத்திரரையும் தாண்டவ மூர்த்தியையும் பாருங்கள். உடலின் பாரம் ஒரு காலில் இறங்குகிறது, இடை ஒசிகிறது, தோள் அதற்கு ஈடுகொடுக்கிறது. கண்ணாடிப் பிம்பத்தால் அந்த அசைவைப் பெற முடியாது. திரையில் நீட்டிய கை முறிவதில்லை. எடை என்பதே இல்லை. கல்லில் முறிந்துவிடும் என்ற அச்சமும் வடிவத்தைத் தீர்மானித்தது.

கழுகுமலை வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டது; அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. வெட்டிய கல்லை மீண்டும் ஒட்டவியலாது என்பதால், ஒவ்வொரு வெட்டும் ஒரு முடிவு. திரையிலோ எதையும் முந்தைய நிலைக்குத் திருப்பலாம். அங்கே வேலை நின்றதால் முடியவில்லை. இங்கே நிறுத்தத் தெரியாததால் முடிவதில்லை.

எனவே புதிதாகத் தொடங்குவோருக்கு நாம் சொல்வது இதுதான்: முதல் மாதம் சமச்சீர் வசதியை அணைத்து வையுங்கள். ஒரே தூண் சிற்பத்தைப் பல கோணங்களில் பென்சிலால் வரைந்த பிறகு திரைக்குச் செல்லுங்கள். எத்தனை மணி நேரத்தில் முடிப்பது என்று முன்கூட்டியே வரையறுங்கள். பார்ப்பவர் எந்த உயரத்தில் நிற்பார் என்பதையும் தீர்மானியுங்கள். கோபுரச் சுதை உருவங்கள் கீழிருந்து காண்பவருக்காகவே அமைந்தவை.

கடையநல்லூர்க் கலைஞருக்கு ஆசிரியர்கள் தொலைவில் இல்லை. அருகே திருமலாபுரத்தில் முற்காலப் பாண்டியர் குடைவரை உள்ளது; தென்காசியோ ஒரே பகலில் பார்த்துத் திரும்பக்கூடிய தூரம். இவற்றை விட்டு, மென்பொருளோடு வரும் ஆயத்தத் தலைகளிலிருந்து மனித உடலைக் கற்கும் தலைமுறை உருவானால், பிழை கணினியினுடையதன்று. நம் இளைஞர்கள் திரைப்படத்துக்கும் கணினி விளையாட்டுக்கும் உருவங்கள் செய்யப்போகிறார்கள். அவ்வுருவங்கள் எந்த மண்ணின் நிற்கும் முறையைக் கொண்டிருக்கும் என்பதே நம் கேள்வி.