தொழுவத்துப் புழுதியும் பிள்ளையின் மூச்சும்



நம் உடல் நமக்கு மட்டுமே உரிய குடியிருப்பு அன்று. கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் நம் தோலிலும் வாயிலும் குடலிலும் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கிழைப்பதில்லை. உணவு செரிக்கத் துணைபுரிகின்றன. நோய் எதிர்ப்பாற்றலுக்குப் பயிற்சி அளிக்கின்றன. நாம் உண்பதிலிருந்தும், தொடுவதிலிருந்தும், மூச்சிழுக்கும் காற்றிலிருந்துமே இவை நம்மை வந்தடைகின்றன. அப்படியானால், ஆடு மாடுகளோடு அன்றாடம் உழைப்போரின் இல்லத்துப் பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது?

இவ்வினாவுக்கு அமெரிக்காவின் இரு விவசாயச் சமூகங்கள் விடையளித்துள்ளன. இந்தியானா மாநிலத்தில் ஆமிஷ் மக்களும், தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் மக்களும் வாழ்கின்றனர். இருவருமே ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த கிறிஸ்தவச் சமயப் பிரிவினர். மரபு வழியில் நெருங்கியவர்கள். உணவு முறையிலும் வாழ்க்கை ஒழுங்கிலும் பெரிதும் ஒத்தவர்கள். ஆயினும் ஆமிஷ் பிள்ளைகளில் 5.2 விழுக்காட்டினரையே ஆஸ்துமா எனும் மூச்சிரைப்பு நோய் வாட்டியது; ஹட்டரைட் பிள்ளைகளிலோ 21.3 விழுக்காட்டினர்!

வேறுபாடு எங்கே? ஆமிஷ் குடும்பத்தினர் சிறு பால் பண்ணை வைத்திருப்பவர்கள். குதிரை கொண்டு உழுபவர்கள். தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கும். தவழும் பருவத்திலேயே பிள்ளைகள் அங்கே போய் வருவர். ஹட்டரைட் மக்களின் பண்ணைகளோ பெரியவை, இயந்திரமயமானவை. அங்கே சிறு பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் நெருக்கம் இல்லை.

2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, இரு சமூகத்து வீட்டுத் தூசியையும் எடுத்துச் சோதித்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் எனும் பொருள் ஏறத்தாழ 7 மடங்கு மிகுதியாக இருந்தது. அத்தூசியின் சாற்றைச் சுவாசித்த எலிகளுக்கு மூச்சிரைப்பின் அறிகுறிகள் குறைந்தன. ஹட்டரைட் தூசி அப்பயனைத் தரவில்லை. ஐரோப்பியக் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடந்து, 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, பண்ணைச் சூழலில் வளரும் குழந்தையின் குடல் நுண்ணுயிர்கள் முதலாண்டில் நன்கு முதிர்வதையும், அவ்வாறு முதிர்ந்தோருக்குப் பின்னாளில் ஆஸ்துமா குறைவதையும் காட்டியது.

இதைப் படித்ததும், இழுப்பு நோயால் அவதியுறும் பிள்ளையைக் கைப்பிடித்துத் தொழுவத்திற்கு அழைத்துச் செல்ல எந்தத் தாயும் விரைந்துவிட வேண்டாம். அப்பயிற்சி நோய் வருமுன், மழலைப் பருவத்தில் நிகழ்வது. நோய் வந்தபின் அதே புழுதி மூச்சை அடைக்கக்கூடும். மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கால்நடைகளிடமிருந்து நன்மை மட்டுமே வருவதில்லை என்பதையும் மறத்தலாகாது. காய்ச்சாத பாலால் புருசெல்லோசிஸ் எனும் நெடுநாள் காய்ச்சல் தொற்றுகிறது. நெதர்லாந்து நாட்டில் 2007 முதல் 2010 வரை, பெரிய ஆட்டுப் பண்ணைகளிலிருந்து காற்றில் பரவிய க்யூ காய்ச்சல் 4,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. கருவுற்ற பெண்டிர் ஈனும் ஆடுகளின் அருகே செல்லாதிருத்தல் நலம். கொழுக்க வைப்பதற்கென்று கால்நடைத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, மேய்ப்பவரின் உடலிலும் குடியேறக்கூடும். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அவ்வழக்கத்தை முற்றிலும் தடை செய்தது.

ஆக, ஆட்டுக்குட்டியைத் தடவி விளையாடும் நலமான பிள்ளையைக் கண்டு, "ஐயோ அழுக்கு!" என்று அலற வேண்டியதில்லை. விளையாடட்டும்! விளையாடி முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவச் செய்யுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். தொழுவத்தின் நன்மையைப் பெறவும் அதன் தீமையிலிருந்து தப்பவும் இவ்விரு பழக்கங்களும் பெரிதும் உதவும்.